தடித்த எழுத்து மெலியும்போது

ஓர் அலுவலகத்தில் ஐந்தாறு பேர் ஒரே அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்கும்படி மின்னஞ்சல் அமைக்கப்படும்போது, அங்கே பங்கிடப்படுவது என்ன என்ற கேள்வி தோற்றத்தில் இருக்கும் அளவுக்கு எளிதானது அன்று. கடிதங்கள் பங்கிடப்படுவதில்லை, ஒவ்வொன்றும் ஒரே பிரதியாக எங்கோ ஒரு சர்வரின் வட்டில் கிடக்கிறது. வேலை பங்கிடப்படுகிறது என்று சொல்லலாம் என்றாலும், யாருக்கு எவ்வளவு என்று அந்தப் பெட்டியில் எங்கும் எழுதியிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரிவது ஒரு பட்டியல் மட்டுமே. அதில் சில வரிகள் தடித்த எழுத்தில் இருக்கும், மற்றவை மெலிந்திருக்கும். தடித்தவை இன்னும் திறக்கப்படாதவை, மெலிந்தவை திறக்கப்பட்டவை. ஒருவர் தம் மேசையில் ஒரு வரியைச் சொடுக்கியதும், அறையின் மறுகோடியில் இருப்பவரின் திரையிலும் அதே வரி, ஓசை ஏதுமின்றி, சற்று நேரத்தில் மெலிந்துவிடுகிறது. மெலியச் செய்தவர் யார் என்பதை அந்த வரி சொல்வதில்லை. அவர் கடைசிவரை வாசித்தாரா, வாசித்துவிட்டு விடையெழுதும் பொறுப்பைத் தம்முடையதாக எடுத்துக்கொண்டாரா, தேநீர் வந்துவிட்டதென்று திறந்த கையோடு எழுந்து போய்விட்டாரா என்பதும் தெரிவதில்லை. அமைப்பு முறைகளை விளக்கும் கையேடுகளில் இந்தச் சிறு மாற்றத்துக்கு அரை வரிக்குமேல் இடம் கிடைப்பதில்லை. ஆயினும் பதில் கிடைக்காமல் போகும் கடிதங்களில் பல தொலைவது இந்த இடத்தில்தான் என்ற ஐயம் விலக மறுக்கிறது.

மின்னஞ்சலின் தொடக்க காலத்தில் பெட்டி என்ற சொல்லுக்குக் கறாரான ஒரு பொருள் இருந்தது. அமெரிக்காவின் எம்ஐடியில் இயங்கிய சிடிஎஸ்எஸ், ஒரே பெரிய எந்திரத்தைப் பலர் தத்தம் முனையங்களிலிருந்து ஒரே நேரத்தில் பயன்படுத்த வழிசெய்த பகிர்நேர அமைப்பு. அதில் அஞ்சல் நிரல் வருவதற்கு முன்பே பயனாளர்கள் ஒருவருக்கொருவர் செய்தி விட்டுச்செல்லத் தொடங்கியிருந்தார்கள்; பொதுக் கோப்புறை ஒன்றில், 'டாமுக்கு' என்பது போன்ற பெயருடன் ஒரு கோப்பை உருவாக்கி வைத்துவிடுவார்கள், உரியவர் அந்தப் பக்கம் வரும்போது எடுத்துப் பார்த்துக்கொள்வார். திண்ணையில் வைத்துவிட்டுப் போன சீட்டு போன்றது அது; யாரும் எடுத்துப் பிரிக்கலாம், பிரிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையே அதன் உறை. 1965இல் டாம் வான் விளெக், நோயல் மாரிஸ் ஆகிய இருவரும் எழுதிய 'மெயில்' என்னும் கட்டளை இந்தத் திண்ணையை ஒழித்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி தந்தது. அந்தப் பெட்டி ஒரு கோப்புதான்; ஆனால் பிறர் அந்தக் கட்டளையின் வழியாக அதன் கடைசியில் செய்தியைச் சேர்க்க முடியுமேயன்றி, உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. 1971இல் ரே டாம்லின்சன், பயனாளரின் பெயரையும் கணினியின் பெயரையும் 'அட்' குறியால் பிரித்து, ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குச் செய்தி அனுப்பியபோதும் மறுமுனையில் இருந்தது இதே வகைக் கோப்புதான்: சேர்க்கலாம், படிக்கக் கூடாது, அழித்தெழுதக் கூடாது. தெருமுனைச் சிவப்புப் பெட்டியின் வாய்ப்பிளவு போல, கை நுழையாத அளவுக்குக் குறுகலான ஒரு திறப்பு. யாரும் போடலாம், ஒருவர்தான் எடுக்கலாம் என்னும் இந்தச் சமமின்மையே பெட்டியைப் பெட்டியாக்கியது. பகிர்ந்த அஞ்சல் பெட்டி என்ற தொடர், இந்தக் கோணத்தில் பார்த்தால், தனக்குள்ளேயே முரண்படும் ஒன்று.

நியூசிலாந்தின் டுனெடினில் டேவிட் ஹாரிஸ் எழுதி 1990இல் வெளியிட்ட பெகாசஸ் மெயில், அலுவலக வலையமைப்புக்கென்றே உருவான மின்னஞ்சல் நிரல்களில் நெடுங்காலம் நிலைத்த ஒன்று. அன்றைய அலுவலகங்களில் பரவியிருந்த நோவெல் நெட்வேர் என்னும் வலையமைப்பு மென்பொருளின் மேல் அது இயங்கியது. நிரல் சர்வரில் ஒரே ஓர் இடத்தில் நிறுவப்படும்; எல்லாரும் அந்த ஒரே பிரதியை ஓட்டுவார்கள். அவர் நிரலை விற்கவில்லை, அதன் கையேட்டைத்தான் விற்றார் என்பது போகிறபோக்கில் சொல்லத்தக்க செய்தி; அமைப்பது எளிது, அமைத்ததைப் புரிந்துகொள்வதற்குத்தான் விலை என்று அதற்குப் பொருள் கொள்ளவும் இடமுண்டு. நெட்வேர் சர்வரில் 'மெயில்' என்றொரு கோப்புறையும், அதற்குள் ஒவ்வொரு பயனாளருக்கும் பெயரில்லாமல் எண்ணை மட்டுமே தலைப்பாகக் கொண்ட ஓர் உள்கோப்புறையும் ஏற்கெனவே இருந்தன. அவற்றில் பிறருக்கு இருந்தது உருவாக்கும் உரிமை மட்டும். புதிய கோப்பு ஒன்றை அங்கே இட்டு மூடிவிட்டால், இட்டவராலேயே பிறகு அதைக் காண முடியாது, பட்டியலிடவும் முடியாது. பெகாசஸ் இந்த உரிமைப் பங்கீட்டைத்தான் தன் வாய்ப்பிளவாக எடுத்துக்கொண்டது. நிரல் பொது, வட்டு பொது, கம்பி பொது. படிப்பது மட்டும் தனி. எதைப் பகிரலாம், எதைப் பகிரக் கூடாது என்பதில் இவ்வளவு தெளிவான கோடு பின்வந்த அமைப்புகள் பலவற்றில் இல்லை என்று சொல்வது மிகையாகாது.

கோடு அழிந்த விதத்தை மைக்ரோசாஃப்டின் பழைய அஞ்சல் அமைப்பில் பார்க்கலாம். 1992 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ் 3.1 உடன் வந்த அந்த நிரலில் 'அஞ்சலகம்' என்பது பொதுவில் பகிரப்பட்ட ஒரு கோப்புறையே தவிர வேறில்லை. தனியாக ஒரு சர்வர் வேண்டியதில்லை. அலுவலகத்தின் ஏதேனும் ஒரு மேசைக் கணினியில் அதை உருவாக்கி, மற்றவர்களுக்கு முழு உரிமையுடன் திறந்துவிட வேண்டும். முழு உரிமை என்பது எழுதவும் படிக்கவும் அழிக்கவும் உள்ள உரிமை. அதற்குக் குறைவாகக் கொடுத்தால் நிரல் இயங்காது. ஆகவே ஒருவரின் கடிதத்தை மற்றவர் படிக்காமல் தடுத்தது கோப்புறையின் பூட்டு அன்று, நிரல் காட்டிய நாகரிகம். எம்ஐடியின் பழைய திண்ணை, சாளரங்களும் படக்குறிகளுமாக வண்ணம் பூசிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது. அஞ்சலகம் இருந்த கணினியின் உடைமையாளர் மாலையில் மின்விசையை அணைத்துவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டால், அலுவலகம் முழுவதற்கும் அஞ்சல் நின்றுபோகும். இதைவிட விந்தையானது, ஒரு குழுவுக்கு ஓர் அஞ்சலகம்தான் உருவாக்கப்பட வேண்டும் என்ற விதி. நிரல் முதன்முறை திறக்கப்படும்போது, ஏற்கெனவே உள்ள அஞ்சலகத்தில் சேர வேண்டுமா, புதிதாக ஒன்றை உருவாக்க வேண்டுமா என்று கேட்கும். இருவர் தனித்தனியே 'உருவாக்கு' என்று சொல்லிவிட்டால், ஒரே அறைக்குள் ஒன்றையொன்று அறியாத இரண்டு அஞ்சலகங்கள் தோன்றிவிடும். இரண்டிலும் எல்லாம் ஒழுங்காகவே இயங்கும். உறுப்பினர் பட்டியலில் அடுத்த மேசைக்காரரின் பெயர் மட்டும் இருக்காது. கம்பி அறுந்தால் தெரியும், எந்திரம் பழுதானால் தெரியும். எதுவும் பழுதாகாமலே ஒருவருக்கொருவர் இல்லாமல் போவது எப்படித் தெரியும்?

பலர் ஒரே பெட்டியைத் தொடும்போது எழும் சிக்கலைப் பொறியாளர்கள் முதலில் பூட்டுச் சிக்கலாகவே கண்டார்கள். யூனிக்ஸ் கணினிகளின் பழைய முறையில் ஒருவரின் கடிதங்கள் எல்லாம் ஒரே நீண்ட கோப்பில், ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். ஒரு நிரல் அதில் எழுதிக்கொண்டிருக்கையில் மற்றொன்றும் எழுதினால் இரண்டு கடிதங்கள் ஒன்றின் வயிற்றுக்குள் மற்றொன்றாகக் குழம்பிவிடும். எனவே எழுதுவதற்கு முன் ஒரு பூட்டுக் கோப்பை வைக்க வேண்டும், முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். பூட்டியவன் இடையில் செத்துப்போனால், பூட்டு மட்டும் எஞ்சி, யாரும் இல்லாத வீட்டை யாரோ இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருக்கும். 1980களில் வந்த பாப் என்னும் நெறிமுறை, அதாவது சர்வரும் பயனாளரின் கணினியும் பேசிக்கொள்ளும் ஒழுங்கு, பெட்டியைத் திறப்பவர் ஒருவரே என்று அடித்தளத்திலேயே கருதிக்கொண்டது. ஒருவர் உள்ளே இருக்கும்வரை பெட்டி பூட்டியிருக்கும். கடிதங்கள் அவருடைய கணினிக்கு இறக்கப்பட்டுப் பெரும்பாலும் சர்வரிலிருந்து நீக்கப்படும். சிறிய அலுவலகங்களில் ஒரே கடவுச்சொல்லை நான்கு கணினிகளில் இட்டு இதைப் பொதுப் பெட்டியாக்கிக்கொண்டவர்கள், காலையில் முதலில் வந்து கணினியைத் திறப்பவர் எல்லாக் கடிதங்களையும் அள்ளிக்கொண்டு போவதைக் கண்டார்கள். கரடுமுரடான ஏற்பாடு, எனினும் அதில் ஒரு நேர்மை இருந்தது என்று தோன்றுகிறது. கடிதம் யாருடைய கணினியில் இருக்கிறதோ அவரிடம்தான் அது இருக்கிறது. அவர் விடுப்பில் போனால் கடிதமும் விடுப்பில் போகும். ஆனால் கேட்க வேண்டியவர் யார் என்பதில் ஐயம் இல்லை.

அந்த நேர்மையை முடித்துவைத்தது ஐமேப். மார்க் கிரிஸ்பின் 1986இல் ஸ்டான்ஃபோர்டில் வகுத்த இந்த நெறிமுறையில் கடிதம் சர்வரிலேயே தங்கும், எத்தனை கணினிகளிலிருந்தும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், ஒவ்வொரு கடிதத்தின் நிலையும் சில கொடிகளால் குறிக்கப்படும். கொடி என்பது இங்கே ஒரு கடிதத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும் ஒற்றைச்சொல் குறிப்பு: பார்த்தது, விடையளித்தது, நீக்கவேண்டியது, வரைவு என்பன போல. 'பார்த்தது' என்பதற்கு ஆங்கிலத்தில் இடப்பட்ட சொல்லும் எச்ச வடிவில் நின்று எழுவாயை விழுங்கிவிடுகிறது. தமிழில் இதற்கு இன்னும் நேர்த்தியான வடிவம் உண்டு. அலுவலகத்தில் ஒரு கடிதத்தைப் பற்றிக் கேட்டால் 'பார்த்தாச்சு' என்பார்கள். 'பார்த்தேன்' என்றால் சொல்பவர் அகப்பட்டுக்கொள்வார், 'பார்த்தார்' என்றால் வேறொருவர். 'பார்த்தாச்சு' என்பதில் செயல் முடிந்திருக்கிறது, செய்தவர் இல்லை. திணை, பால், எண், இடம் என்று வினைமுற்றின் ஈற்றிலேயே ஆளைக் கட்டிவைக்கும் ஒரு மொழி, அலுவல் பேச்சுக்காகவே ஆளை அவிழ்த்துவிடும் இந்த வடிவத்தையும் வளர்த்து வைத்திருக்கிறது. ஐமேப்பின் கொடி, இலக்கணப்படி, ஒரு 'பார்த்தாச்சு'. ஒரே ஒருவர் திறக்கும் பெட்டியில் அதனால் தீங்கில்லை, ஏனெனில் எழுவாய் யாரென்பது வெளிப்படை. பெட்டி பொதுவாகும்போதுதான் விடுபட்ட எழுவாய் உறுத்தத் தொடங்குகிறது.

நெறிமுறையை வளர்த்தவர்கள் இதை அறியாமல் இல்லை. 1997இல் ஐமேப்புக்கு உரிமைப்பட்டியல் ஒன்று சேர்க்கப்பட்டது. யாருக்கு எந்தக் கோப்புறையில் என்ன செய்யலாம் என்பதை ஓரெழுத்துக் குறிகளால் சொல்லும் ஏற்பாடு அது. அதில் 'ஆர்' என்பது படிக்கும் உரிமை. அதிலிருந்து பிரித்து, 'எஸ்' என்ற தனியொரு உரிமையும் வைக்கப்பட்டது: பார்த்ததைப் பார்த்ததாக நினைவில் வைக்கச் செய்யும் உரிமை. முன்னது இருந்து பின்னது இல்லாத ஒருவர் எத்தனை முறை படித்தாலும் அடுத்த முறை பெட்டி அவரை அறியாது. படிப்பதையும் படித்தது பதிவாவதையும் இரண்டு வேறு செயல்களாகக் கண்ட அந்தக் கூர்மை வியக்கத்தக்கது. ஆனால் அந்தப் பதிவு ஒவ்வொருவருக்கும் தனியா, எல்லாருக்கும் பொதுவா என்பது நிரலுக்கு நிரல் மாறியது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிறந்த சைரஸ் சர்வர், வேறாகச் சொன்னாலன்றி, ஒவ்வொருவர் பார்த்ததையும் தனித்தனியே வைத்துக்கொள்ளும். இன்று பரவலாக உள்ள டவ்காட், தனியே அமைத்தாலன்றி, எல்லாருக்கும் ஒரே கொடியைக் காட்டும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் சர்வரின் பொதுக் கோப்புறை ஆளுக்கொரு நினைவை வைத்துக்கொள்ளக் கூடியது, அதே சர்வரின் பகிர்ந்த அஞ்சல் பெட்டி எல்லாருக்கும் ஒரே நினைவைத் தரும். முதல் முறையில், கடிதமொன்றைப் பக்கத்து மேசைக்காரர் படித்து விடையும் எழுதி முடித்த பிறகும் அது மற்ற ஐவருக்கும் தடித்தே நிற்கும்; ஐவரும் அதைத் திறந்து மூட வேண்டும். இரண்டாவதில், யாரோ தவறுதலாகத் தொட்டதும் அது மற்ற ஐவரின் கண்ணிலிருந்தும் நழுவிவிடும். இதில் எது சரி என்று எந்தக் கையேட்டாலும் தீர்த்துச் சொல்ல முடியாது, ஏனெனில் இது நுட்பக் கேள்வியே அன்று. ஒரு குழு தன்னை ஒரே ஆளாகக் கருதுகிறதா, ஆறு பேராகக் கருதுகிறதா என்ற கேள்வி. அதற்கு விடை சொல்பவரோ, பெரும்பாலும், குளிரூட்டிய சிறு அறையில் விசிறிகளின் இரைச்சலுக்கிடையே நின்றபடி, முன்னிருப்பாக வந்ததை அப்படியே விட்டுவிட்டு அடுத்த திரைக்குப் போகும் வலையமைப்புப் பணியாளர். அவரிடம் யாரும் இதைக் கேட்கவும் இல்லை. கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறதென்று அவரிடம் சொன்னவரும் இல்லை.

தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களின் தாள்வழி நடைமுறை இந்தக் கேள்விக்குத் தயக்கமில்லாத விடை வைத்திருந்தது. வந்த தபால் தேதி முத்திரை பெற்று, பகிர்மானப் பதிவேட்டில் ஏறி, இன்ன இருக்கைக்கு என்று குறிக்கப்படும். அந்த இருக்கையின் உதவியாளர் தம் தன்பதிவேட்டில் அதைப் பதிந்துகொள்வார். வெளியே போகும் கடிதத்தின் தலையில் நிற்கும் ந.க. எண்ணுக்குள் அ3 என்றோ இ2 என்றோ ஒட்டிக்கொண்டிருப்பது அந்த இருக்கையின் குறி. கடிதம் பெற்றவர் அலுவலகத்துக்கு நேரில் வந்தால் எந்த மேசையைத் தேட வேண்டும் என்பது எண்ணிலேயே இருக்கிறது. இதை ஏங்கிப் போற்றுவதற்கில்லை. கோப்பு யாரிடம் உறங்குகிறது என்பது தெரிந்தபடியேதான் அது உறங்கியது, ஆண்டுக்கணக்கில். பொறுப்பாளரின் பெயர் இருப்பதால் மட்டும் வேலை நடந்துவிடுவதில்லை. ஆயினும் தன்பதிவேடு வேறொன்றைச் செய்தது: கடிதத்தைப் பார்ப்பதையும் ஏற்றுக்கொள்வதையும் அது வெவ்வேறு கைச்செயல்களாக வைத்தது. பார்ப்பதற்குக் கண் போதும்; ஏற்பதற்குப் பேனாவை எடுத்து ஒரு வரி எழுத வேண்டும். பகிர்ந்த பெட்டியில் இரண்டும் ஒரே சொடுக்கில் அடங்கிவிட்டன, அதிலும் இரண்டாவது அடங்கியதாக மற்றவர்கள் ஊகித்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் யார் எதைத் திறந்தார், எத்தனை மணிக்குத் திறந்தார் என்று பெயரோடு காட்டிவிட்டால் தீர்ந்ததல்லவா என்று கேட்கலாம். இன்றைய சர்வர்களுக்கு அது கடினமும் அன்று. ஆனால் அப்போது கடிதத்தைத் திறப்பதே கைரேகை வைப்பதாக மாறும். தலைப்பைப் பார்த்தவுடன் சிக்கலானது என்று தோன்றும் கடிதங்களை யாரும் திறக்கமாட்டார்கள், அவை நாள் முழுதும் தடித்தே கிடக்கும். கண்காணிப்பு பொறுப்பை வளர்ப்பதைக் காட்டிலும் தொடாமையை வளர்க்கும் என்ற அச்சம் ஆதாரமற்றதன்று. இன்னொரு பக்கம், கடிதம் எழுதியவரின் நிலை இருக்கிறது. 1997 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 2142 என்னும் இணைய ஆவணம், நிறுவனங்கள் இன்ஃபோ, சேல்ஸ், சப்போர்ட், அப்யூஸ் போன்ற பெயர்களில் பெட்டிகள் வைத்திருக்க வேண்டும் என்று வகுத்தது. ஆள் மாறினாலும் முகவரி மாறாதிருக்கும் என்பது அதன் நோக்கம், நல்ல நோக்கம்தான். எழுதுபவர் ஒரு பதவிக்கு எழுதுகிறார், படிப்பவர் ஓர் ஆளாக இருந்தாக வேண்டும். எக்ஸ்சேஞ்சின் பகிர்ந்த பெட்டியிலிருந்து ஒருவர் விடையெழுதினால், அமைப்பை மாற்றினாலன்றி, அந்த விடையின் நகல் பொதுப் பெட்டியில் சேராமல் எழுதியவரின் சொந்தப் பெட்டியில் போய்ச் சேர்கிறது. கேள்வி கூடத்தில் இருக்கிறது, விடை படுக்கையறையில் இருக்கிறது. மற்ற ஐவருக்கும் மெலிந்த வரி ஒன்றே மிச்சம்.

இதற்கெல்லாம் அலுவலகங்கள் தாமே கண்டுகொண்ட ஒரு வழி உண்டு. எந்தக் கையேடும் கற்பிக்காதது. படித்து முடித்த கடிதத்தை, 'படிக்காததாகக் குறி' என்ற கட்டளையால் மீண்டும் தடிக்கச் செய்துவிட்டு எழுந்து போவது. கண்டிப்பாகச் சொன்னால் அது பொய்; படித்த ஒன்றைப் படிக்கவில்லை என்று எந்திரத்திடம் சொல்வது. ஆனால் அதன் பொருள் அறையில் உள்ள எல்லாருக்கும் விளங்குகிறது: இது முடியவில்லை, யாராவது எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நானே நாளை வருகிறேன். இந்த இரண்டில் எது என்பதுதான் விளங்குவதில்லை. பொறுப்பேற்பும் கைகழுவலும் ஒரே குறியை அணிந்துகொள்கின்றன, மறுநாள் காலை அதைக் காண்பவர் தம் மனநிலைக்கேற்ப ஏதோ ஒன்றைப் படித்துக்கொள்கிறார். இந்தப் பொய்யை எந்திரம் எவ்வளவு தூரம் நம்புகிறது என்பதும் பார்க்கத்தக்கது. டேனியல் பெர்ன்ஸ்டைன் தம் க்யூமெயில் சர்வருக்காக வகுத்த மெயில்டிர் என்னும் சேமிப்பு முறையில் பூட்டே கிடையாது. ஒவ்வொரு கடிதமும் தனிக்கோப்பு, ஒவ்வொரு பெட்டியும் மூன்று கோப்புறைகள். வந்துகொண்டிருக்கும் கடிதம் 'டெம்ப்' என்பதில் எழுதப்படும். முழுதாக வந்து சேர்ந்ததும் 'நியூ' என்பதற்கு மாறும். யாரேனும் ஒருவரின் நிரல் பெட்டியைத் திறந்து அதைப் பட்டியலில் கண்டவுடன், படிப்பதற்கும் முன்பே, 'கர்' என்பதற்குப் போகும். படித்தால் கோப்பின் பெயரோடு 'எஸ்' என்ற எழுத்து ஒட்டிக்கொள்ளும். படிக்காததாகக் குறித்தால் அந்த எழுத்து நீங்கிவிடும், திரையில் வரி மீண்டும் தடிக்கும். கோப்பு மட்டும் 'நியூ' கோப்புறைக்குத் திரும்புவதில்லை.